சைலன்சரும் உபரிக் குழலும்: கூடலூரிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு விடை

நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் தேயிலையும் மிளகும் பயிரிடும் ஒருவர் கேட்ட கேள்வியின் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருடைய தந்தையார் காலமானார். தந்தையார் பெயரில் உரிமம் பெற்றிருந்த பன்னிரண்டு 'போர்' (bore, குழலின் துளை அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கியும், .315 ரைஃபிளும், இரட்டைக்குழலுக்கான உபரிக் குழல் ஒரு ஜோடியும் இன்னும் வீட்டு பீரோவில் இருக்கின்றன. கேட்பவருக்குத் தம் சொந்தப் பெயரில் ஒரு .32 ரிவால்வருக்கு உரிமம் உண்டு. டெக்சாஸில் வேலை பார்க்கும் மருமகன் அடுத்த விடுமுறைக்கு வரும்போது ரைஃபிளுக்கு, குறிபார்க்க உதவும் ஒரு ஸ்கோப்பும் சுடும் ஓசையைக் குறைக்கும் ஒரு சைலன்சரும் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். அங்கே கடையில் விற்கும் பொருள்கள்தானே, அவை துப்பாக்கி இல்லையே, துணைப்பொருள்களுக்கும் இங்கே சட்டம் இருக்கிறதா, சட்டம் ஏன் இப்படி அடிக்கடி மாறுகிறது என்பவை அவருடைய கேள்விகள். பிள்ளைகள் குரங்கு விரட்டுவதற்கென்று ஒரு ஏர் ரைஃபிள் வாங்கலாமா என்பதையும் கடைசியாகக் கேட்டிருக்கிறார்.

வருவாய்த்துறையில் ஆயுத உரிமக் கோப்புகளைப் பல ஆண்டுகள் கையாண்டவன் என்ற முறையில் இதற்கு விடை எழுதுகிறேன். ஐயா, நீங்கள் கேட்டது ஸ்கோப்பைப் பற்றியும் சைலன்சரைப் பற்றியும்தான் என்றாலும் உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப்போட்ட வரி வேறு. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் கேட்டதற்கு விடை.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் இரண்டாம் பிரிவில் 'துப்பாக்கி' என்ற சொல்லுக்குத் தரப்பட்டுள்ள விளக்கத்தை நம்மில் பெரும்பாலோர் படித்திருக்க மாட்டோம். வெடிமருந்தின் விசையாலோ வேறு எந்த விசையாலோ குண்டைச் செலுத்தும் கருவி துப்பாக்கி என்று சொல்லிவிட்டு அந்த விளக்கம் நின்றுவிடவில்லை. சுடும்போது எழும் ஓசையையோ ஒளிப்பிழம்பையோ குறைப்பதற்கென்று செய்யப்பட்ட துணைப்பொருளும் துப்பாக்கியே என்றும், துப்பாக்கியின் பாகங்களும் துப்பாக்கியே என்றும் தொடர்கிறது. ஆகவே உங்கள் மருமகன் பெட்டியில் வைத்துக் கொண்டுவர நினைக்கும் அந்த உருளை, இந்தியச் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கியோடு சேரும் ஒரு பொருளன்று. அதுவே தனியாக ஒரு துப்பாக்கி. உரிமமின்றி அது உங்கள் பீரோவில் இருந்தால், உரிமமில்லாத துப்பாக்கி ஒன்று இருந்ததாகவே வழக்குப் பதிவாகும். அதற்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனை இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு. 1962ஆம் ஆண்டின் விதிகளே இந்த ஓசை குறைப்பானைத் தானியங்கித் துப்பாக்கிகள் இருக்கும் முதல் வகையில்தான் வைத்திருந்தன. எனவே இது புதிதாக முளைத்த கெடுபிடி அல்ல. சாதாரணக் குடிமகன் ஒருவருக்கு இதற்கு உரிமம் தரச் சொல்லி ஒரு கோப்பு என் மேசைக்கு வந்ததே இல்லை.

சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அந்தப் பொருள் உங்களுக்கு எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. .315 ரைஃபிளின் குண்டு ஒலியைவிட வேகமாகப் போவது. குழல்முனையின் வெடிச்சத்தத்தைச் சைலன்சர் அமுக்கினாலும், குண்டு காற்றைக் கிழித்துப் போகும் சத்தத்தை அது ஒன்றும் செய்யாது. அதைவிட முக்கியமானது, பயிருக்குள் இறங்கும் காட்டுப்பன்றியை நாம் விரட்டுவதே சத்தத்தால்தான். சத்தம் வராத துப்பாக்கியை இந்த மலையில் எவன் தேடுவான் என்று எந்த வனக்காப்பாளரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். முதுமலை எல்லையோரத்தில் தோட்டம் வைத்திருப்பவர் வீட்டில் சைலன்சர் அகப்பட்டால், நீங்கள் நல்ல மனிதர் என்பதை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும்.

மருமகன் பொய் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சைலன்சரை மத்திய அரசிடம் பதிவு செய்து 200 டாலர் வரி கட்டி வாங்கி வந்தார்கள். 2026 ஜனவரி 1 முதல் அந்த வரியும் பூஜ்யமாக்கப்பட்டது, பதிவு மட்டும் தொடர்கிறது. ஆனால் துணைப்பொருள் விஷயத்தில் அங்கேயும் உரிமையாளர்கள் நிம்மதியாக இருந்தார்கள் என்று எண்ண வேண்டாம். 'பம்ப் ஸ்டாக்' என்று ஒரு பொருள். ரைஃபிளின் பின்கட்டைக்குப் பதிலாகப் பொருத்தினால் துப்பாக்கியின் பின்னுதைப்பையே பயன்படுத்திச் சுடும் விசை (டிரிகர்) மளமளவென்று அழுந்த வைக்கும். அது தானியங்கித் துப்பாக்கி ஆகாது என்று அந்நாட்டு ஆயுதத் துறை பல ஆண்டுகள் எழுத்துமூலம் சொல்லி வந்ததை நம்பி லட்சக்கணக்கானோர் வாங்கினார்கள். 2017 அக்டோபர் 1 அன்று லாஸ் வேகாஸில் நடந்த படுகொலையில் அது பயன்பட்டது. 2018 டிசம்பரில் அதே துறை அதைத் தானியங்கித் துப்பாக்கி என்று விதி செய்தது. 2019 மார்ச் 26க்குள் அழித்துவிட வேண்டும் அல்லது ஒப்படைக்க வேண்டும், இழப்பீடு கிடையாது என்றது. பலர் அவ்வாறே செய்தார்கள். 2024 ஜூன் 14 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம், சட்டத்தில் உள்ள விளக்கத்துக்கு இந்தப் பொருள் பொருந்தாது என்று ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அந்த விதியைத் தள்ளுபடி செய்தது. ஒழுங்காக ஒப்படைத்தவருக்குப் பொருள் போனது போனதுதான். ஒளித்து வைத்தவர் வென்றார். ஒரு சட்டத்தின் மேல் மக்களுக்குள்ள மரியாதையைக் கெடுக்க இதைவிடச் சிறந்த வழி இருக்க முடியாது என்பது என் கருத்து.

நம் நாட்டில் தொல்லை வேறு விதமானது. இங்கே துணைப்பொருளின் விளக்கம் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக மாறாமல் இருக்கிறது; மாறிக்கொண்டே இருப்பது அதைச் சுற்றியுள்ள எண்ணிக்கை, காலக்கெடு, தண்டனை ஆகியவை. 2016ஆம் ஆண்டு ஜூலையில் பழைய 1962 விதிகளை முழுவதுமாக நீக்கிவிட்டுப் புதிய ஆயுத விதிகளைக் கொண்டுவந்தார்கள். உரிமம் ஒவ்வொன்றையும் தேசியத் தரவுத்தளத்தில் ஏற்றி ஒரு தனி அடையாள எண் தரும் முறை அதற்குச் சற்று முன்பே தொடங்கியது. கெடு தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் எண் இல்லாத உரிமப் புத்தகம் வெறும் காகிதம் என்றாயிற்று. பந்தலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் 1971ஆம் ஆண்டு உரிமப் புத்தகத்தை மஞ்சள் பையில் சுற்றிக்கொண்டு கெடு முடிந்த பிறகு வந்து நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒவ்வொரு புதுப்பித்தலும் அதில் ஒழுங்காக முத்திரையிடப்பட்டிருந்தது. எண் மட்டும் இல்லை.

அதைவிடப் பெரிய மாற்றம் 2019 டிசம்பரில் வந்தது. ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்ற பழைய வரம்பை முதலில் ஒன்றாக்குவதாக மசோதாவில் எழுதினார்கள். நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு எழவே இரண்டாக்கி நிறைவேற்றினார்கள். மூன்று வைத்திருந்தவர் எதையாவது ஒன்றை ஓராண்டுக்குள், அதாவது 2020 டிசம்பர் 13க்குள், காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். கெடு முடிந்த 90 நாள்களுக்குள் அதன் உரிமம் நீக்கப்படும். அந்த ஓராண்டு எந்த ஆண்டு என்பதைக் கவனியுங்கள். மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. மலைக்கு ஏற இ-பாஸ் கேட்டார்கள். கடைகள் அடைத்துக் கிடந்தன. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே பொருளை விற்க நின்றால் விலை என்னவாகும் என்று தேயிலை விவசாயிக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. இங்கிலாந்தில் செய்த பழைய இரட்டைக்குழல்கள், பெட்டியோடும் உபரிக் குழலோடும், கேட்ட விலைக்குப் போயின. அதே திருத்தத்தில் உரிமையாளருக்கு நன்மை ஒன்றும் இருந்தது: மூன்று ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டிய உரிமம் ஐந்து ஆண்டுக்கொரு முறை என்றாயிற்று. அதற்கு நன்றி சொல்லலாம்.

துணைப்பொருள் வைத்திருப்போர் 2019 திருத்தத்தில் உண்மையிலேயே அஞ்ச வேண்டிய இடம் ஆறாவது பிரிவு. குழலைக் குறுக்குவது முன்பும் குற்றம்தான். இப்போது ஒரு வகைத் துப்பாக்கியை வேறொரு வகையாக மாற்றுவதையும் அதில் சேர்த்து, குறைந்தபட்சம் ஏழாண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை என்று ஆக்கியிருக்கிறார்கள். பெரிய கடத்தல்காரர்களை நினைத்து எழுதிய பிரிவு இது; ஆனால் அதன் சொற்கள் எல்லோருக்கும் பொருந்தும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டக்காரர், மழைக்காலத்தில் தோல் உறைக்குள்ளேயே வைத்திருந்ததால் குழல்முனை அரித்துப்போன தம் ஒற்றைக்குழலை லேத் பட்டறையில் கொடுத்து, அரித்த பகுதியை ஒன்றரை அங்குலம் நறுக்கிச் சீராக்கி வாங்கிவந்தார். பட்டறைக்காரர் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தார். முனையை அரத்தால் மெருகேற்றிக் குறிமணியைக்கூடத் திரும்பப் பற்றவைத்திருந்தார். புதுப்பிக்க வந்தபோது நீள அளவு உரிமத்தோடு ஒத்துப்போகவில்லை. குழல் இன்னும் 20 அங்குலத்துக்கு மேலேயே இருந்ததாலும், பழைய சட்டத்தின் காலமாக இருந்ததாலும், நல்ல அதிகாரி ஒருவர் இருந்ததாலும் எச்சரிக்கையோடு போயிற்று. இன்று அதே காரியத்தைச் செய்தால் பட்டறைக்காரருக்கும் சேர்த்து வழக்கறிஞர் வைக்க வேண்டும். பழுதுபார்ப்பது கூட அதற்கென்று உரிமம் பெற்றவர் மட்டுமே செய்யக்கூடிய வேலை.

இனி உங்கள் உபரிக் குழல். பாகமும் துப்பாக்கியே என்று மேலே சொன்னேன் அல்லவா? அதற்கு நாற்பத்தைந்தாவது பிரிவில் ஒரு விலக்கு உண்டு: சிறு பாகங்களைத் தம்மிடமோ பிறரிடமோ உள்ள மற்றப் பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கமில்லாமல் வைத்திருந்தால் குற்றமில்லை. சுவரில் அலங்காரமாக மாட்டிய உடைந்த விசைத் தகடு இதில் அடங்கும். உங்கள் உபரிக் குழல் அடங்காது, ஏனெனில் அது சிறு பாகமும் அல்ல, அதைப் பூட்டுவதற்கான துப்பாக்கி அதே பீரோவில் இருக்கிறது. துப்பாக்கியை மடக்கி, முன்கட்டையைக் கழற்றி, குழலைத் தனியே எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பின்முனையில், பூட்டோடு பொருந்தும் தட்டையான அடிப்பகுதியில், எண் பொறித்திருக்கும். நல்ல துப்பாக்கிகளில் இரண்டு ஜோடிக் குழலுக்கும் ஒரே எண்ணை இட்டு, ஒன்று இரண்டு என்று அடையாளமும் வைத்திருப்பார்கள். அந்த எண் தந்தையாரின் உரிமப் புத்தகத்தில், துப்பாக்கி விவரம் எழுதும் பத்தியில், உபரிக் குழலுடன் என்ற குறிப்போடு இருந்தால் கவலை வேண்டாம். இல்லாவிட்டால், கடையில் முதலில் வாங்கிய ரசீதையோ பழைய புத்தகங்களையோ தேடியெடுங்கள். குன்னூரில் ஒரு தோட்டத்துரை விட்டுப்போன பெட்டியில் இப்படி ஒரு குழல் புத்தகத்தில் ஏறாமல் இருந்ததைச் சரிசெய்ய, வாங்கியவரின் மகன் ஒன்றரை ஆண்டு அலைந்தார். கடைசியில் அவரைக் காப்பாற்றியது பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த, துப்பாக்கியைச் செய்த நிறுவனத்தின் சீட்டு.

ஸ்கோப்பைப் பொறுத்தவரை நிலைமை வேறு. அது ஓசையையோ ஒளியையோ குறைப்பதில்லை. துப்பாக்கி இயங்குவதற்கு வேண்டிய பாகமும் அன்று. தோள்வார், உறை, துடைப்புக் கம்பி ஆகியவற்றைப் போல அதை வைத்திருப்பதற்கு ஆயுதச் சட்டத்தில் தனி உரிமம் கேட்கப்படுவதில்லை. சிக்கல் விமான நிலையத்தில். ஆயுதத்தில் பொருத்தும் குறிநோக்கிக்குச் சுங்க அட்டவணையில் 9013 என்ற தலைப்பில் தனி இடம் உண்டு, பைனாகுலருக்கு 9005. பெட்டியைத் திறக்கும்போது பைனாகுலர் மாதிரிதான் என்று மருமகன் சமாளித்தால் அது தவறான அறிவிப்பு. பொருளும் போகும், அபராதமும் வரும். அதற்கும் மேலே இன்னொன்று. உங்கள் .315 ரைஃபிள் லீ-என்ஃபீல்டு என்ற பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளின் அமைப்பில் இஷாபூர் தொழிற்சாலையில் செய்தது; .303 ராணுவத் தோட்டா குடிமக்கள் கைக்குப் போகக் கூடாது என்பதற்காகவே வேறு துளை அளவில் ஆக்கியது. அதன் மேல்புறத்தில் ஸ்கோப் தாங்கி உட்கார இடமே கிடையாது. துளையிட்டுத்தான் மாட்ட வேண்டும். துளையிடுவது யார், எண் பொறித்த இடத்துக்கு எவ்வளவு அருகில் என்ற கேள்விகள் உடனே எழும்.

இப்போது என்னைத் தூக்கிவாரிப்போட்ட வரிக்கு வருகிறேன். தந்தையார் காலமாகி இரண்டு ஆண்டு ஆகிறது, துப்பாக்கிகள் பீரோவில் இருக்கின்றன என்று சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். உரிமம் என்பது துப்பாக்கிக்குத் தரப்படுவது அல்ல, ஆளுக்குத் தரப்படுவது. ஆள் போனதும் அந்தத் துப்பாக்கிகளைக் காலதாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு உரிமம் கேட்டிருக்க வேண்டும் என்கிறது இருபத்தோராவது பிரிவு. உங்கள் சொந்த உரிமம் ரிவால்வரை மட்டுமே காக்கும். யோசித்துக்கொண்டிருக்காமல், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பழைய உரிமப் புத்தகம் ஆகியவற்றோடு, நடந்ததை உள்ளபடி எழுதிய ஒரு கடிதத்தையும் வைத்து இந்த வாரமே ஒப்படைத்துவிடுங்கள். தானாக முன்வந்து ஒப்படைத்தவரையும் சோதனையில் பிடிபட்டவரையும் அதிகாரிகள் ஒரே மாதிரிப் பார்ப்பதில்லை. போகுமுன் ஒரு வழக்கறிஞரிடம் கடிதத்தைக் காட்டிக்கொள்வது நல்லது. உங்கள் வயது எவ்வளவென்று எழுதவில்லை. ஆனாலும் ஒன்று சொல்லி வைக்கிறேன். உரிமம் பெற்றவருக்கு எழுபது வயது ஆனாலோ, அவர் அந்தத் துப்பாக்கியை இருபத்தைந்து ஆண்டு வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசின் பெயருக்கு மாற்றக் கேட்கலாம் என்று 2016 விதிகளில் இருக்கிறது. உங்கள் ரிவால்வருக்கு அதை நினைவில் வையுங்கள். உங்கள் பிள்ளைகள் இதே நிலைக்கு வராமல் இருக்கும்.

வாரிசுரிமையாக வந்தாலும் இரண்டு என்ற வரம்பைத் தாண்டக் கூடாது என்று 2019 திருத்தம் தெளிவாகச் சொல்கிறது. ரிவால்வரோடு சேர்த்து உங்களிடம் மூன்று. ஒன்று போயாக வேண்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ரைஃபிளை விடுவேன். 1879ஆம் ஆண்டிலேயே வேட்டை விலங்குகளுக்கும் மீன்களுக்கும் தனிச் சட்டம் போட்ட மலை இது. அந்தக் காலத்துத் துரைமார்களுக்கு ரைஃபிள் எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்த பிறகு அந்த வேலை முடிந்துபோனது. காட்டெருமையை நோக்கிக் குறிபார்ப்பதே சிறைக்கு வழி. காட்டுப்பன்றி பயிரை அழித்தாலும் வனத்துறையின் அனுமதியில்லாமல் சுட முடியாது, பயிர்ப் பாதுகாப்புக்கென்று பெற்ற துப்பாக்கி உரிமம் அந்த அனுமதி ஆகாது. இதைப் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். பக்கத்துக் குடகில் கொடவர்களுக்கு 2029 வரை உரிம விலக்கு இருக்கிறதே என்பார்கள். அது அந்த மக்களின் வழக்கத்துக்கென்று மத்திய அரசு தனியாக அறிவித்தது, கூடலூருக்கு அது பொருந்தாது. ரைஃபிள் போனால் ஸ்கோப் கேள்வியும் சேர்ந்து போய்விடும். இரட்டைக்குழலில், வானத்தை நோக்கி ஒரு வெடி போட்டால் பன்றிக் கூட்டம் ஓடுவதற்கு அதுவே போதும். தந்தையாரின் கைபட்ட ரைஃபிளை விட மனம் வரவில்லை என்றால், உங்கள் மனைவியோ மகனோ தம் பெயரில் உரிமம் கேட்கலாம். அவர்களுக்கு வேறு துப்பாக்கி இல்லையே.

புதிய உரிமம் கைக்கு வர நாளாகும் என்பதற்கு உங்கள் ஊருக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் புதிய ஆயுத உரிமம் தர முதன்மை வனவிலங்குக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும் என்கிறது வனவிலங்குச் சட்டத்தின் முப்பத்து நான்காவது பிரிவு. முதுமலை 1940ஆம் ஆண்டிலிருந்து சரணாலயம். உங்கள் தோட்டம் அந்தச் சுற்றளவுக்குள்தான் வரும். ஆகவே கோப்பு ஆட்சியர் அலுவலகம், காவல்துறை, வனத்துறை என்று மூன்று இடம் போய்த் திரும்பும். ஏற்கெனவே உரிமம் உள்ளவரும் வனத்துறையிடம் தம் பெயரைப் பதிய வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. உங்கள் ரிவால்வருக்கு அது ஆகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏர் ரைஃபிள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குழல்முனையில் 20 ஜூலுக்கு மேல் ஆற்றல் இருந்தாலோ, துளை 4.5 மில்லிமீட்டருக்கு, அதாவது .177 அங்குலத்துக்கு மேல் இருந்தாலோ உரிமம் வேண்டும் என்று 2016 விதிகள் வரையறுத்தன. அதற்குக் கீழே உள்ளவற்றை உரிமமின்றி வாங்கலாம். இணையத்தில் வாங்கும்போது முனையில் ஓசை குறைக்கும் உருளை பொருத்தியவற்றை விளம்பரப்படுத்துகிறார்கள். வாங்காதீர்கள். 'வேறு எந்த விசையாலும்' என்ற சொற்கள் காற்று விசையையும் உள்ளடக்கும். துப்பாக்கிக்குக் கிடைத்த விலக்கு அந்த உருளைக்கும் சேர்த்துத்தான் என்று நீதிமன்றத்தில் நின்று வாதாடும் செலவு, ரைஃபிளின் விலையைப் போலப் பல மடங்கு ஆகும். குரங்கின் மேல் சுடுவதைப் பற்றி எழுதவே வேண்டாம் என்று நினைக்கிறேன். பிள்ளைகள் கையில் கவண்கூட வேண்டாம், தகரத்தைத் தட்டச் சொல்லுங்கள்.

ஒப்படைக்கும்போது இரண்டு விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். ரசீதில் துப்பாக்கி இரண்டு என்று மட்டும் எழுதித் தந்தால் வாங்காதீர்கள். செய்த நிறுவனம், துளை அளவு, துப்பாக்கி எண், உபரிக் குழலின் எண், மீதமுள்ள தோட்டாக்களின் எண்ணிக்கை எல்லாம் அதில் வர வேண்டும். தேர்தல் தோறும் நம் துப்பாக்கிகளை நிலையத்தில் வைத்து எடுத்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். ஒரு தேர்தலுக்குப் பிறகு என் உறவினர் ஒருவருக்கு அவருடைய குழலோடு வேறொருவரின் முன்கட்டை திரும்பி வந்தது. ரசீதில் ஒற்றை வரிதான் இருந்தது, யாரிடம் போய்க் கேட்பது? இரண்டாவது, துரு. கூடலூர் மழைக்கு இரும்புப் பெட்டியே வியர்க்கும். தோல் உறை ஈரத்தை உறிஞ்சிக் குழலோடு வைத்து ஒட்டிக்கொள்ளும். அதைக் கழற்றிவிட்டு, குழலின் உள்ளும் புறமும் எண்ணெய் தடவி, பழைய பருத்தி வேட்டித் துணியில் சுற்றிக் கொடுங்கள். மாதக் கணக்கில் எந்த மூலையில் கிடக்குமோ தெரியாது.

வாரிசு உரிமம் ஆன பிறகு பரிசோதனைக்கென்று துப்பாக்கியை உதகைக்குக் கொண்டுவரச் சொன்னால், தொரப்பள்ளி, தெப்பக்காடு, மசினகுடி, கல்லட்டி வழியாகப் போகாதீர்கள். அந்தச் சாலை முதுமலைக்குள் போகிறது. எழுத்துமூல அனுமதியில்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழைவதே தனிக் குற்றம், பையில் உரிமப் புத்தகம் இருந்தாலும் அது உதவாது. தோட்டாக்களைத் தனியாக வைத்து, குழலைக் கழற்றிய நிலையில் நடுவட்டம் வழியாகப் போங்கள். மருமகனுக்கு இன்றே ஒரு போன் போட்டு, சைலன்சர் டெக்சாஸிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள். ஏதாவது வாங்கிவர வேண்டும் என்று அவருக்கு ஆசையாக இருந்தால், துருப்பிடிக்காமல் காக்கும் நல்ல துப்பாக்கி எண்ணெய் என்னவென்று அங்கே விசாரித்துப் பெயரை மட்டும் எழுதி அனுப்பட்டும், இங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.